எழுபத்தொன்றாம் புள்ளி

பத்திரிகையில் வந்த படத்தில் இளவரசியின் இடது தோள் மட்டும்தான் இருந்தது. மீதியை வெட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் சுகிர்தா நின்றாள், கையில் கண்ணாடித் தகடு. கீழே கொட்டை எழுத்தில், "ஒரு சொட்டு ரத்தம் போதும்: காய்ச்சல் எந்த மாதம், எந்த மலையில் வந்தது என்று சொல்லும் சேலத்துப் பெண் விஞ்ஞானி" என்று போட்டிருந்தது.

பெண் விஞ்ஞானி, ஒருமையில். இளவரசி அதை மூன்று முறை படித்தாள்.

அந்தத் தகட்டில் நூற்றிருபது புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கிருமியின் ஒரே ஒரு புரதம். அந்த நூற்றிருபதையும் செய்தவள் இளவரசி. ஏற்காடு அடிவாரத்தில் இருந்த காய்ச்சல் ஆய்வு மையத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறாள். சில புரதங்கள் ஒரே மாதத்தில் வந்துவிடும். சில, இரண்டு வருடம் அழவைத்த பிறகுதான் கரைசலில் நிற்கும். ஆறு வருடம் முன்பு திண்டுக்கல்லிலிருந்து புள்ளியியல் படித்த சுகிர்தா வந்து சேர்ந்தாள். புள்ளிகள் எவ்வளவு பிரகாசமாக எரிகின்றன என்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டாள். உலகம் திரும்பிப் பார்த்தது அந்தக் கணக்கைத்தான்.

மத்தியானம் சாப்பாடு கொடுக்கச் செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போனபோது, அவள் கணவன் மாதேஸ்வரன் அதே பத்திரிகையை விரித்து வைத்திருந்தான். அவனுக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தொழில். வைகாசி முகூர்த்தங்களுக்காக மேசை முழுக்க மஞ்சள் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுல உன் வேலை எது, அந்தப் புள்ள வேலை எது? எனக்கு இன்னும் சரியாப் புரியலை" என்றான்.

"உண்ணிக்காய்ச்சல் கிருமியை வளர்க்கிறது ஆபத்து. வளர்க்கிறவங்களுக்கே காய்ச்சல் வந்துடும். அதனால அதுல ஒரே ஒரு புரதத்துக்கான ஜீனை மட்டும் எடுத்து, ஒரு சாதுவான பாக்டீரியாவுக்குள்ள வெச்சுடுவேன். அது நமக்காக அந்தப் புரதத்தைச் செஞ்சு கொடுக்கும். கிருமி இருக்காது, அதோட அடையாளம் மட்டும் இருக்கும்."

"ரத்தத்தை ஊத்தினா?"

"உங்களுக்கு எப்பவாவது அந்தக் காய்ச்சல் வந்திருந்தா, உங்க ரத்தத்துல அதுக்கான ஆன்டிபாடி இருக்கும். அது போய் அந்தப் புரதத்தைப் புடிச்சுக்கும். புள்ளி எரியும். நாளாக நாளாக அந்தப் பிடி இறுகும், அளவு குறையும். எவ்வளவு இறுகியிருக்கு, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்து, எப்ப வந்துச்சுன்னு சுகிர்தா சொல்லிடுவா. ஒவ்வொரு மலைக்கும் கிருமியோட மேல்சட்டை கொஞ்சம் மாறும். அதை வெச்சு இடமும் சொல்லிடலாம்."

மாதேஸ்வரன் யோசித்தான். "அப்ப எழுத்தெல்லாம் நீ வார்த்தது. கோத்துப் படிச்சது அந்தப் புள்ள."

"ஆமா."

"படிக்கிறவங்களைத்தானே படம் புடிப்பாங்க" என்று சிரித்தான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு, ரசம் ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தகட்டைத் தயாரித்து விற்க ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு உரிமம் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை மிச்சமிருந்தது. உண்ணிக்காய்ச்சலே வராதவர்கள் இருநூறு பேரின் ரத்தத்தைத் தகட்டில் வைக்க வேண்டும். எதுவும் எரியக் கூடாது. மையத்தில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் ரத்தம் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார்கள். மலைக்காட்டுப் பக்கம் பத்து வருடத்தில் போனதுண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியவர்கள்தான் சேர்க்கப்பட்டார்கள். குழாய்களின் மேல் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இயக்குநர் ரங்கநாயகியின் அலமாரியில், அரக்கு வைத்த உறைக்குள் இருந்தது.

நூற்றுத்தொண்ணூற்றெட்டுத் தகடுகள் இருட்டாக இருந்தன. முப்பத்தெட்டாம் எண்ணும் நூற்றுஅறுபத்துநான்காம் எண்ணும் எரிந்தன. இரண்டிலும் ஒரே புள்ளி, எழுபத்தொன்று.

எழுபத்தொன்று இளவரசிக்குப் பிடித்த புள்ளி. கல்வராயன் மலையில் கூத்தம்பள்ளம் என்ற ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருக்கும் கிருமியின் புரதம் அது. இரண்டு வருடம் முன்புதான் அந்த வகை இருப்பதே தெரிந்தது. சுகிர்தாவின் கணக்கில் இரண்டு ரத்தத்தையும் போட்டுப் பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம். இரண்டு பேருக்கும் ஒரே வாரம்.

இளவரசிக்குச் சிரிப்பு வந்தது. மையத்தில் யாரோ இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள், அதுவும் சேர்ந்து. படிவத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இயக்குநரிடம் சொல்லி விடுவதுதான் விதி. ஆனால் இயக்குநர் டெல்லியில் இருந்தார், அலமாரிச் சாவி இவளிடம் இருந்தது. யாராக இருக்கும் என்று பார்க்கும் ஆசை, தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் ஜன்னலைத் திறப்போமே, அந்த ஆசைதான். உறையைப் பிரித்தாள்.

முப்பத்தெட்டு: கே. மாதேஸ்வரன்.

நூற்றுஅறுபத்துநான்கு: ஜே. சுகிர்தா.

பட்டியலை உறையில் போட்டு, அரக்கை மெழுகுவத்தியில் காட்டித் திரும்ப ஒட்டினாள். விரல் சுட்டது. அது அவளுக்கு அன்று மாலைதான் தெரிந்தது.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஆடியில் அவள் சேலத்திலேயே இல்லை. ஹைதராபாத்தில் மூன்று வாரப் பயிற்சி.

மறுநாள் அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். "நீங்க கல்வராயன் மலைக்குப் போயிருக்கீங்களா?"

"கல்வராயனா? இல்லையே. ஏன்?"

"நான் ஹைதராபாத்ல இருந்தப்ப, ஆடியில, இங்க என்ன நடந்துச்சு?"

மாதேஸ்வரன் இயந்திரத்தை நிறுத்தினான். அந்த நிறுத்தத்தை அவள் கவனித்தாள். உண்மை சொல்பவன் ஏன் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்?

"அப்ப எனக்குக் காய்ச்சல்" என்றான். "பத்து நாள் படுத்துட்டேன். உங்கிட்ட சொல்லலை."

"பத்து நாளா? யார் பாத்துக்கிட்டா?"

"சுகிர்தா ரெண்டு மூணு தடவை கஞ்சி கொண்டாந்து குடுத்துச்சு. டாக்டர்கிட்டக் கேட்டு மாத்திரையும் அதுதான் வாங்கியாந்துச்சு. நீ தெரிஞ்சா பயிற்சியைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்துடுவே. அதான் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"நாலு வருஷமா?"

"அதுக்கப்புறம் மறந்தே போச்சு, இளவரசி."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணை மறைச்சிருக்கீங்க."

"ஒரு காய்ச்சலை" என்றான் அவன், குழப்பத்தோடு.

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அன்றிலிருந்து அவளுக்குள் வேறு வேலை செய்தது. கஞ்சி எந்தப் பாத்திரத்தில் வந்தது? சுகிர்தா எங்கே உட்கார்ந்தாள்? போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, யாரையும் கேட்காமல் மேல் தட்டில் பின்பக்கம் இருந்த உப்பு ஜாடியை எடுத்தாளே. அப்போது இளவரசிக்கு அது நெருக்கமாகத் தெரிந்தது. இப்போது அதே கை அதே ஜாடியை எடுப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. சுகிர்தா அவனை "அண்ணா" என்று கூப்பிடுவாள். எப்போதிலிருந்து? அந்த ஆடிக்கு முன்பா, பின்பா? மாதேஸ்வரனின் இடுப்பில் ஒரு பழைய தழும்பு, காசு அளவுக்கு. உண்ணி கடித்த இடம் கருகி ஆறினால் அப்படித்தான் இருக்கும். எத்தனையோ பேருக்கு அவளே அதைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறாள். வீட்டில் இருந்ததை நான்கு வருடமாகப் பார்த்தும் கேட்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, கருவி அறையில் சுகிர்தா தனியாக இருந்தபோது உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"முப்பத்தெட்டு, நூற்றுஅறுபத்துநாலு. பார்த்தியா?"

"பார்த்தேன். அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"யோசிக்க என்ன இருக்கு? அது நீயும் என் வீட்டுக்காரரும்."

சுகிர்தா நிமிர்ந்தாள். நிறம் மாறியது. ஆனால் அவள் முதலில் கேட்டது இதைத்தான்: "உறையைப் பிரிச்சியா?"

"அதுதான் உனக்குக் கவலையா?"

"அதுவும்தான்." சுகிர்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இளவரசி, நான் கல்வராயன் பக்கமே போனதில்லை. அண்ணனும் போகலைன்னு சொன்னார்னா போயிருக்க மாட்டார். அப்ப டெஸ்ட் தப்பு."

"கஞ்சி கொண்டு போனது?"

"அது நிஜம். சொல்லியிருக்கணும். அவர் வேண்டாம்னார், நானும் விட்டுட்டேன். அந்த வாரமே எனக்கும் காய்ச்சல் வந்துச்சு. ஃப்ளூன்னு நெனச்சு அதே மாத்திரையைப் போட்டுக்கிட்டேன். ஆனா மலைக்குப் போகலை. என் கணக்கு தப்பா இருக்கணும், இல்லே உன் புரதம் தப்பா இருக்கணும். ரெண்டையும் பார்ப்போம். உரிமக் கூட்டத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. தப்புன்னா நாமளே நிறுத்திடணும்."

அந்த நிதானம் இளவரசிக்குப் பொறுக்கவில்லை. தன் பெயரும் புகழும் வந்த கணக்கைத் தப்பு என்று இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமா? சொல்கிறாள் என்றால், அதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கத்தானே?

ஆனாலும் அவள் எழுபத்தொன்றாம் புரதத்தைப் புதிதாகச் செய்யத் தொடங்கினாள். தப்பு நேர ஒரு வழி உண்டு. புரதத்தைச் செய்து கொடுக்கும் பாக்டீரியாவின் துணுக்குகள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், எவருடைய ரத்தமும் அந்தத் துணுக்கைப் பிடித்துக்கொள்ளும். அதே குடும்பத்துப் பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருக்கிறது. அப்படியானால் புள்ளி பொய்யாக எரியும். இரண்டு வாரம், ஒரு முறைக்கு நான்கு முறை வடித்துச் சுத்தம் செய்தாள்.

அந்த இரண்டு வாரமும் அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே: புள்ளி எரியக் கூடாது. எரியவில்லை என்றால் கணவன் திரும்பக் கிடைப்பான். கூடவே சுகிர்தாவின் படமும் கீழே விழும். இரண்டாவது ஆசை முதல் ஆசைக்குச் சமமாக இனித்தது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

புள்ளி எரிந்தது. முன்பைவிடத் தெளிவாக. அவள் புரதத்தில் அழுக்கே இல்லை.

வீட்டுக்கு வந்து, சட்டையை மடித்துக்கொண்டிருந்த மாதேஸ்வரனிடம், "ரத்தம் பொய் சொல்லாது" என்றாள்.

"அப்ப நான் சொல்றேனா?"

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் இரண்டு நிமிடம் காத்திருந்தான். பத்தொன்பது வருடத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. மடித்த சட்டைகளில் இரண்டைப் பையில் போட்டான். "அச்சகத்துல இருக்கேன். பாப்பா ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினா வேலை ஜாஸ்தின்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் இன்னொன்றும் செய்தாள். இயக்குநரிடம் போய், சுகிர்தா சம்மதப் படிவத்தில் பொய் எழுதியிருக்கிறாள், உரிமக் கூட்டத்தில் அவள் பேசுவது மையத்துக்கு நல்லதல்ல என்றாள்.

ரங்கநாயகி கண்ணாடியைக் கழற்றினார். "எந்த எண் அவங்களோடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுது, மேடம்."

ரங்கநாயகி அவளையே பார்த்தார். கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிக்கல் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. மாலையில், கூட்டத்தில் இளவரசி மட்டும் பேசுவாள் என்று கடிதம் வந்தது. சுகிர்தா அதைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இளவரசி நினைத்ததுபோல அவள் திண்டுக்கல்லுக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் திரும்பி வந்தாள். கூடவே மையத்தின் பழைய ஜீப் டிரைவர் செங்கோடன், ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆனவர். அவர் கையில் பழுப்பேறிய வண்டிப் பதிவேடு.

"உக்காருங்க அண்ணா" என்றாள் சுகிர்தா அவரிடம். பிறகு இளவரசியிடம், "கணக்கை நாலு விதமா போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை. உன் புரதமும் தப்பில்லை. நாங்களும் பொய் சொல்லலை. அப்ப நாங்க மலைக்குப் போகலைன்னா மலை எங்ககிட்ட வந்திருக்கணும். அந்த ஆடியில இங்கிருந்து கல்வராயனுக்கு எந்த வண்டி போச்சுன்னு அந்த மலைக்கே போய் விசாரிச்சேன். இவரோட ஜீப்புன்னாங்க."

செங்கோடன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவருடைய கோணல் எழுத்தில் இருந்தது: *கூத்தம்பள்ளம். மண், புல் 4 மூட்டை. இளவரசி மேடம் வீட்டில் இறக்கியது.*

"ஏனுங்க மேடம், மறந்துட்டீங்களா?" என்றார். "உண்ணி எத்தனை இருக்குன்னு எண்ணறதுக்கு மண்ணும் புல்லும் வேணும்னீங்க. நான் வந்து சேர்ந்த அன்னைக்கு மாரியம்மன் பண்டிகை, ஆபீஸ் லீவுங்க. உங்களுக்குப் போன் போட்டனுங்க. லேப் பூட்டியிருந்தா எங்க ஊட்டுல எறக்கி வெச்சுருங்க, அவரு இருப்பாருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

இளவரசிக்கு ஹைதராபாத் வராந்தா ஞாபகம் வந்தது. வகுப்பு தொடங்கும் அவசரத்தில், ஒரு காதில் விரலை வைத்துக்கொண்டு அவள் பேசிய அந்த அரை நிமிடம்.

"சார்தானுங்க என்கூட மூட்டையைத் தூக்கிப் போர்ட்டிகோவுல போட்டாரு. மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

"ரெண்டு நாள் கழிச்சு நான் வந்து அவரோட சேர்ந்து ஆட்டோவில ஏத்தினேன்" என்றாள் சுகிர்தா. "எந்த ஊர் மூட்டைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. ஈரச் சாக்குன்னு மட்டும் லேசா ஞாபகம், அதுவும் இவர் சொன்னப்புறம்தான். லேபுக்கு வர்றதுக்குள்ள புல் அழுகிப் போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. உனக்கு அதைப் பத்தி யாரும் சொல்லவே இல்லை."

செங்கோடனை டீ குடிக்க அனுப்பிவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சுகிர்தா, நான் எப்படி..."

"இரு. மன்னிப்பெல்லாம் இப்பக் கேட்காதே, என்கிட்ட இல்லை." பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "எட்டு நாள் அந்த மலையில வீடு வீடா ஏறி இறங்கினேன், நான் கெட்டவ இல்லைன்னு நிரூபிக்க. உன்கிட்ட நிரூபிக்க. அதை விடு. டெஸ்ட் சரி. நாம நெனச்சதைவிடச் சரி. அதுதான் பயமா இருக்கு."

"ஏன்?"

"பதினஞ்சு வருஷம் இந்த வேலையில இருக்கே. உனக்கே அந்த ரெண்டு புள்ளியை இப்படித்தான் படிக்கத் தோணுச்சு. நாளைக்கு இந்த அறிக்கை ஒரு மாமியார் கையில போகும். ஒரு போலீஸ்காரர் கையில போகும். லீவு போட்டவன் எங்க போனான்னு பார்க்கிற முதலாளி கையில போகும். அவங்களுக்கெல்லாம் மூட்டைக்குப் பதிவேடு வெச்சிருக்கிற செங்கோடன் கிடைப்பாரா?"

"காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுக்க, இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்" என்றாள் இளவரசி மெதுவாக.

"போதும். அறிக்கையில எப்ப, எங்கன்னு போடற கட்டம் ரெண்டையும் எடுத்துடணும். கம்பெனி ஒத்துக்காது, அவங்களுக்கு அதுதான் சரக்கே. நீ சொல்லணும்."

"அது உன் கணக்கு. நீ சொன்னாதான் மதிப்பு."

"என்னால ஆகாது, இளவரசி. ஆறு வருஷம் அதுக்காக உக்காந்திருக்கேன். என் வாயால வேண்டாம்னு சொல்ல வரலை. அதோட, பேசற இடத்துல இருந்து என்னைத்தான் எடுத்துட்டீங்களே."

"நான் சொன்னா, பொறாமையில சொல்றேன்னு நினைப்பாங்க."

"நினைப்பாங்க."

"நீயும் நினைப்பியா?"

சுகிர்தா பதிவேட்டை மூடினாள். "தெரியலை" என்றாள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் இளவரசி அச்சகத்துக்குப் போனாள். மூட்டைக் கதையை முழுதாகச் சொன்னாள். மாதேஸ்வரன் அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டான். "உங்களோட பேரைக் கூட்டத்துல சொல்ல வேண்டியிருக்கும். சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "சொல்லு" என்றான். அன்று மாலை பையோடு வீட்டுக்கு வந்தான்.

கூட்டத்தில் பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் மூவர், நெறிமுறைக் குழு உறுப்பினர்கள் ஐவர், ரங்கநாயகி. இளவரசி எழுந்து, மாதக் கட்டத்தையும் இடக் கட்டத்தையும் நீக்கிவிட்டு உரிமம் கொடுக்க வேண்டும் என்றாள். கம்பெனிக்காரர்களில் மூத்தவர் பணிவாகப் புன்னகை செய்தார்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் கணக்கு உங்களோடது இல்லையே?"

"இல்லை."

"அந்த ரெண்டு கட்டமும் தப்பா?"

"தப்பே இல்லை. அதனாலதான் சொல்றேன்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். இளவரசி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தெட்டாம் எண் என் கணவர். அவர் அனுமதியோட சொல்றேன். நூற்றுஅறுபத்துநாலு டாக்டர் சுகிர்தா. அவங்களும் சொல்லச் சொல்லிட்டாங்க. இது எனக்குத் தெரியவே கூடாது. உறையை நான் பிரிச்சேன்" என்று தொடங்கினாள். எதையும் விடவில்லை. அரக்கை உருக்கியதைச் சொன்னாள். கணவன் வீட்டை விட்டுப் போனதைச் சொன்னாள். சுகிர்தாவைப் பேசவிடாமல் செய்தது தான்தான் என்றும் சொன்னாள். ரங்கநாயகி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் செஞ்ச புரதம் சொன்னது உண்மை. அதைப் படிச்ச நான்தான் சரியில்லை. என்னைவிட நல்லாப் படிக்கிறவங்க கையிலதான் இந்த அறிக்கை போய்ச் சேரும்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

குழு இரண்டு கட்டத்தையும் நீக்கியது. கணக்கைப் போடும் கணினி நிரலிலிருந்தே அந்தப் பகுதி எடுக்கப்பட்டது. உறையைப் பிரித்ததற்காக இளவரசி ஒரு வருடம் மையத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவானது. கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது. ஐப்பசியில் கல்வராயன் மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தகடுகள் போய்ச் சேர்ந்தன. அந்த மழைக்காலத்தில், முன்பெல்லாம் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் பத்தாம் நாள் சேலத்துக்குத் தூக்கி வரப்பட்ட கர்ப்பிணிகளுக்கு, அடிவாரத்துக்கு வந்த அன்றே சரியான மாத்திரை கிடைத்தது. பெட்டியின் மேல் சுகிர்தாவின் பெயர் மட்டும் இருந்தது.

நாலு ரோடு பக்கம் தட்டுவடை செட் வாங்க நின்றபோது, மையத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அவளைக் கவனிக்காமல் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "சுகிர்தா மேடம் பேரு வந்தது பொறுக்காம, அந்தம்மா கட்டத்தையே எடுக்க வெச்சுட்டாங்கடி." இளவரசி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மறுபக்கமாக நடந்தாள். அது பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் எல்லாம் பழையபடி ஆனதுபோலத்தான் இருந்தது. மாதேஸ்வரன் சாப்பிட்டான், செய்தி பார்த்தான், மகளிடம் போனில் பேசினான். தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டான்:

"உன் ரத்தத்தை அந்தத் தகட்டுல எப்பவாவது வெச்சுப் பார்த்தியா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான். எங்க எல்லாரோடதும் பாத்தீங்க. உன்னோடது மட்டும் யாரும் பாக்கலை." மோர்ச் சோற்றைப் பிசைந்தான். "அந்த மூணு வாரம் ஹைதராபாத்ல லீவு நாள்ல எல்லாம் எங்க போவே?"

அவன் சிரிப்பான் என்று இளவரசி காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. கேட்கத் தெரியாதவன் என்றுதான் நினைத்திருந்தாள்.

மறுநாள் அவள் அவனிடம் சொல்லிவிட்டு மையத்தின் வாசல் வரை போய், காவலாளியிடம் சொல்லி சுகிர்தாவை வெளியே வரவழைத்தாள். ஏழு மாதம் கழித்துப் பார்க்கிறார்கள். வேப்பமரத்தடியில் நின்றே பேசினார்கள்.

"என் ரத்தத்தைப் பரிசோதிச்சுத் தரணும்" என்றாள் இளவரசி. "எப்ப, எங்கன்னு எல்லாம் சேர்த்து. அந்த மூணு வாரம் நான் எந்தக் காட்டுக்கும் போகலைன்னு எழுத்துல வேணும்."

சுகிர்தாவுக்கு உடனே புரிந்தது. அவள் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இளவரசிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ரத்தம் எடுத்துக்கறேன். உண்ணிக்காய்ச்சல் உனக்கு வந்திருக்கா இல்லையான்னு சொல்றேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தக் கட்டம் இப்ப கிடையாது, இளவரசி. எங்க கம்ப்யூட்டர்லயும் கிடையாது."

"பழைய நிரல் உன்கிட்ட ஒரு பிரதிகூடவா இல்லை?"

"இருக்கு" என்றாள் சுகிர்தா. "யாருக்கும் போட்டுப் பார்க்க மாட்டேன்."

இளவரசி அங்கிருந்து நேராகச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். மாதேஸ்வரன் ஒரு கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுகிர்தா என்ன சொல்லுச்சு?"

"சொல்ல முடியாதாம். அது இப்ப யாருக்கும் கிடையாது. நான் சொல்றதைத்தான் நீங்க நம்பணும்."

அவன் பேனாவை மூடி வைத்தான். ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினான். "சரி, சொல்லு" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஹைதராபாத்தில் ரயிலை விட்டு இறங்கிய காலையிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சொல்லத் தொடங்கினாள். கூடப் படித்தவர்கள் யார், ஞாயிற்றுக்கிழமை யாரோடு கோட்டை பார்க்கப் போனார்கள், எங்கே சாப்பிட்டார்கள், எதையும் விடவில்லை. அவன் தலையசைத்துக்கொண்டே கேட்டான்.

பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு பெயரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.